மருந்துப் பையைத் திறக்குமுன்

சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் பாடத்தில் 'மனசு சரியில்லை' என்றொரு நோய்க்குறி கிடையாது. தாராபுரம் வட்டாரத்தில் அது அடிக்கடி காதில் விழும் புகார். "ரெண்டு நாளா அவளுக்கு மனசே சரியில்லீங்க டாக்டரம்மா" என்று ஒரு பாட்டி வந்து நின்றால், மருமகளைச் சொல்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றாம் ஈத்துக் கறவையைச் சொல்கிறார்.

அந்த டாக்டரம்மா திருநெல்வேலிக்காரர். 'மேலுக்குச் சொகமில்ல' என்று மனிதரையும் மாட்டையும் ஒரே மாதிரி சொல்லும் ஊரில் வளர்ந்தவர். படித்தது முழுக்க இங்கிலீஷில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கால்நடை உதவி மருத்துவராகக் கொங்குப் பக்கம் வந்தபோது மருந்து தெரிந்திருந்தது, நோய் தெரிந்திருந்தது, நோயைச் சொல்லும் பேச்சு தெரியவில்லை. தாராபுரம், காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், பிறகு சத்தியமங்கலம் என்று சுற்றி ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது இளைய மருத்துவர்கள் யோசனை கேட்டு போன் செய்தால், "வீட்டுக்காரங்க என்ன வார்த்தை சொன்னாங்க? அப்படியே சொல்லு" என்றுதான் தொடங்குகிறார். ரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் அப்புறம்.

காரணம் இருக்கிறது. பாட்டியின் மாட்டுக்குத் தெர்மாமீட்டர் வைத்தால் 101.5 டிகிரி, மாட்டுக்கு அது சரியான சூடு. வயிறு உப்பவில்லை, மடி கல்லாகவில்லை, சாணம் இளகவில்லை. பதிவேட்டில் எழுத ஒன்றுமில்லை. ஆனால் இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் விஷயம் வெளியே வரும்: கூப்பிட்டால் காதைத் திருப்பவில்லை, அசை போடுவது பாதியில் நின்றுவிடுகிறது, கறக்க உட்கார்ந்தால் பால் இறங்க நேரமாகிறது. கன்று ஈன்ற சில வாரங்களில் இப்படி ஆனால் உடம்பில் கீட்டோன் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். தீனியோடு கம்பியோ ஆணியோ உள்ளே போயிருந்தாலும் ஆரம்பம் இப்படித்தான் இருக்கும். மாடு உதட்டால் பொறுக்கித் தின்பதில்லை. நாக்கால் சுருட்டி விழுங்கிவிடும். விழுங்கிய கம்பி இரண்டாம் இரைப்பையில் தங்கும். அங்கிருந்து குத்திக்கொண்டு முன்னால் நகர்ந்தால் அடுத்து இருப்பது இதயம். அந்தக் கட்டத்தில் தாடைக்குக் கீழே நீர் கோத்துக்கொள்ளும்; எந்த மருத்துவரும் பார்த்ததும் சொல்லிவிடுவார், செய்வதற்குத்தான் அநேகமாக ஒன்றும் மிச்சமிருக்காது. பாட்டியின் 'மனசு' அதற்கு வெகு முன்னால் வருகிற சேதி.

பள்ளிக்கூட இலக்கணத்தில் மாடு அஃறிணை. மகிழ்ச்சியாலோ கோபத்தாலோ திணை மாறிப் பேசுவதை நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. பசுவை அம்மை என்று அழைப்பது வகுப்பில் சொல்லும் வழக்கமான உதாரணம். கொங்குப் பெண்கள் யாரும் நன்னூலிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பால் கறக்கிறவர் 'அவ' என்கிறார். விலை பேசுகிறவர் 'அது' என்கிறார், இன்னும் கணக்காகப் பேசினால் 'உருப்படி' என்கிறார். பல வீடுகளில் முதலாமவர் மனைவி, இரண்டாமவர் கணவர். ஒரே மாட்டைப் பற்றி ஒரே திண்ணையில் இரண்டு திணையில் பேச்சு நடக்கும். டாக்டரம்மாவுக்கு இரண்டும் வேண்டும். நோய் முதல் வாயிலும், வைத்தியச் செலவு இரண்டாம் வாயிலும் இருந்தன.

அவர் கூர்ந்து கேட்டது இந்தச் சொல் மாறுகிற நேரத்தை. போன வாரம் "அவ தீனி எடுக்கலீங்க" என்ற வீடு இந்த வாரம் "அது இன்னும் எந்திரிக்கலீங்க" என்று சொன்னால், வீட்டுக்குள் பேச்சு முடிந்துவிட்டது. தரகருக்குத் தகவல் போயாயிற்று. அதன்பிறகு எழுதிக்கொடுக்கும் மருந்தை வாங்க மாட்டார்கள். வாங்கினாலும் ஒரு வேளையோடு நிற்கும். அதனால் 'அவ' இருக்கிற வீட்டில் அவர் மருந்திலிருந்து தொடங்குவார், 'அது' வந்துவிட்ட வீட்டில் காசிலிருந்து தொடங்குவார். சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும், எத்தனை நாளில் எழும், எழுந்தால் எவ்வளவு கறக்கும், இன்று விற்றால் என்ன கிடைக்கும். மாட்டின் மீது பாசம் வையுங்கள் என்று அவர் யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. கணக்கு முடிந்தபின் சில வீடுகளில் 'அவ' திரும்பி வந்திருக்கிறாள். பல வீடுகளில் வரவில்லை. இதை ஆராய்ச்சி என்று அவர் சொல்லிக்கொள்வதில்லை. ஸ்டெதஸ்கோப்பை எங்கே வைப்பது என்பது போல இதுவும் தொழிலில் படிந்த பழக்கம் என்கிறார்.

பெயர் விஷயத்தில் ஆராய்ச்சியே உண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் பெர்ட்டன்ஷாவும் பீட்டர் ரோலின்சனும் 516 பால்பண்ணைக்காரர்களிடம் விசாரித்து 2009இல் ஒரு முடிவைச் சொன்னார்கள்: மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பண்ணைகளில் ஒரு கறவைக் காலத்துக்கு மாட்டுக்கு 258 லிட்டர் பால் கூடுதல். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தருகிற இக்நோபல் பரிசு அதே ஆண்டு அதற்குக் கிடைத்தது. டாக்டரம்மா சிரித்ததோடு நிறுத்திக்கொண்டார். பெயரா பால் சுரக்கிறது? பெயர் வைக்கிற ஆள் தினமும் மாட்டின் முகத்தைப் பார்க்கிறார், மடிநோயை ஒரு நாள் முன்னதாகப் பிடிக்கிறார், அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து 2020இல் வந்த இன்னொரு ஆய்வு அவருக்குப் பிடித்தமானது. கிடாரிகளைத் தடவிக்கொண்டே ஆள் நேரில் பேசியபோது, பதிவு செய்த பேச்சை ஒலிபெருக்கியில் போட்டதைவிட அவை இளகி நின்றன. சினை பார்க்கக் கையுறை போட்டுத் தோள்வரை கையை உள்ளே விடுகிற தொழில்காரருக்கு இது புதுச் செய்தி ஒன்றுமில்லை. பேச்சை நிறுத்தினால் மாடு கையை இறுக்கும். "நில்லு கண்ணு, ஆச்சு கண்ணு, அவ்ளோதான் கண்ணு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். சில வருடங்களில் மாட்டிடம் கொங்குத் தமிழும் வீட்டுக்காரரிடம் நெல்லைத் தமிழும் பேசுகிறவராக ஆகிவிட்டதாக வீட்டில் கேலி.

எல்லா உயிருக்கும் பெயர் கிடைப்பதில்லை. கலப்பின மாடு கிடாரி ஈன்றால் லட்சுமி, பொன்னி என்று ஏதாவது ஒன்று சில நாளில் ஒட்டிக்கொள்ளும். காளைக்கன்று 'கன்னுக்குட்டி'யோடு நின்றுவிடும். உழவுக்கு டிராக்டர் வந்தாயிற்று, வண்டி இழுக்க வேலையில்லை; அதற்கு விடுகிற பால் சொசைட்டியில் ஊற்ற வேண்டிய பால். பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தால்தான் கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கிடைக்கும் என்று டாக்டரம்மா இரு தரப்புக் கன்றுக்கும் ஒரே குரலில்தான் சொல்வார். கேட்கிற காது ஒன்றாக இருப்பதில்லை. கழிச்சல் என்று தூக்கிக்கொண்டு வருபவை பெரும்பாலும் கிடாரிகள். காளைக்கன்றுகளுக்குக் கழிச்சல் வராமலா இருக்கும்? இதே மண்ணில்தான் கோயில்காளை இறந்தால் ஊரே கூடி மாலை போட்டு, மேளம் அடித்து அடக்கம் செய்கிறது.

சந்தைக்குப் போனால் பெயர் உதிர்ந்துவிடும். கண்ணபுரத்தில் சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தையிலும், அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையிலும் மாட்டை நிறத்தாலும் பல்லாலும் சுழியாலும் சொல்வார்கள். மயிலை, பிள்ளை, செவலை, காரி. ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், பல் சேர்ந்தது. இரண்டு வயதையொட்டி முதல் ஜோடிப் பல் விழுந்து முளைக்கும் என்பதால் இந்தப் பல் கணக்கு மோசமான வயதுக் கணக்கு அல்ல. விலையோ வாயால் பேசப்படுவதே இல்லை. துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து ஆயிரமும் நூறும் சொல்லிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். மாட்டுக்கும் தெரியக் கூடாது என்று தனக்கு ஒரு தரகர் விளக்கம் சொன்னதாக டாக்டரம்மா சொல்கிறார். அவர் நக்கலாகச் சொன்னாரா நிஜமாகவே சொன்னாரா என்பது இன்னும் பிடிபடவில்லையாம். விற்ற மாட்டோடு பழைய கயிற்றைக் கொடுக்காமல் அவிழ்த்து வீட்டுக்கு எடுத்துப்போகிற வழக்கமும் உண்டு.

அவர் தொழிலில் மிகவும் அஞ்சிய சொல் ஒன்று உண்டு. மலடு.

மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்றால் அந்தச் சொல் வீட்டுக்குள் வந்துவிடும். வந்தபின் மாடு சில வாரங்களுக்கு மேல் அங்கே இருக்காது. பால் வற்றியதும் லாரி ஏறும். ஆனால் பிறவி மலடு அபூர்வம். காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரி பத்துக்கு ஒன்பது மலடாகத்தான் இருக்கும். கருப்பையிலேயே ரத்தம் கலந்து ஆண் ஹார்மோன் அதன் உறுப்புகளைக் கெடுத்துவிடுகிறது. அதைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலானவை சரி செய்யக் கூடியவை. கருப்பையில் சீழ், தாது உப்புக் குறைவு, பச்சைத் தீனி இல்லாமை, குடல்புழு. எல்லாவற்றையும்விட அதிகம், நேரம் தப்பிய ஊசி. மாட்டின் பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும், அரை நாளுக்குக் கொஞ்சம் அதிகமாக நிற்கும், போய்விடும். காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் என்பது கணக்கு. சில மாடு கத்தவே கத்தாது. ஊமைப் பருவம் என்று அதற்குப் பெயர். வாலுக்குக் கீழே கண்ணாடி போல் தொங்கும் ஒழுக்கு ஒன்றுதான் அடையாளம், அதையும் விடியற்காலையில் தொழுவம் கூட்டுகிறவர் பார்த்தால்தான் உண்டு.

இங்கே பேச்சு இரண்டு விதத்தில் குறுக்கே வந்தது. முதலாவது கூச்சம். பெண் மருத்துவரிடம் ஆண்கள் இந்த அடையாளங்களைச் சொல்ல மாட்டார்கள். "மாடு ஒரு மாதிரி இருக்குதுங்க" என்று தலையைச் சொறிவார்கள். எப்போதிருந்து, ஒழுக்கு எப்படி, மற்ற மாடு மேலே தாவினால் நிற்கிறதா என்று கேட்டால் பார்வை கூரைக்குப் போகும். டாக்டரம்மா அவர்களை அனுப்பிவிட்டு, "வீட்டுல அம்மிணிய வரச் சொல்லுங்க" என்பார். அந்த அம்மணி வந்து ஒரே மூச்சில், நேரம் உட்பட, எல்லாவற்றையும் சொல்வார்.

இரண்டாவது, செயற்கை முறைக் கருவூட்டலுக்கு ஊர் வைத்த பெயர்: சினை ஊசி. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கிடந்த உறைவிந்துக் குச்சியை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் இளக்கி, கருப்பை வாயைத் தாண்டிக் கொண்டுபோய் விடுகிற காரியம் அது. ஊசி என்று சொல்லிவிட்டதால் காய்ச்சல் ஊசி போல எப்போது போட்டாலும் வேலை செய்யும் என்ற நினைப்பு வந்துவிட்டது. மாடு கத்தி இரண்டு நாள் கழித்து, வேலை முடித்து, சாவகாசமாக ஓட்டிவருவார்கள். நிற்காவிட்டால் ஊசி சரியில்லை. மறுபடியும் நிற்காவிட்டால் டாக்டர் சரியில்லை. மூன்றாவது முறை மாடு சரியில்லை. மூன்று ஊசிக்கு ஒன்று நின்றாலே களத்தில் நல்ல கணக்கு என்று அவர் சொன்னால் அரசாங்க டாக்டர் தப்பித்துக்கொள்கிறார் என்பார்கள். பல வருடங்களுக்குப் பிறகு அவர் ஊசி என்று சொல்வதையே விட்டார். "இன்னிக்கு வெதைக்கலாம், நேரம் சரியா இருக்குது" என்று சொல்லத் தொடங்கினார். மண்ணில் ஈரம் பார்த்து விதைப்பதும் விதைத்தது சில சமயம் முளைக்காமல் போவதும் மானாவாரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மலடு என்ற சொல்லை மட்டும், இரட்டைக் கிடாரி தவிர வேறெந்த மாட்டின் முன்னாலும் அவர் வாயால் சொன்னதில்லை.

அன்பான சொல்லெல்லாம் மாட்டைக் காப்பாற்றும், கடுமையான சொல்லெல்லாம் கொல்லும் என்று பிரித்துவிட முடியுமானால் வேலை எளிது. 'அம்மை'யை எடுத்துக்கொள்வோம். தோல் கழலை நோய் 2019இல் ஒடிசாவில் இந்தியாவுக்குள் தென்பட்டது. 2022இல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மாடுகளைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. தமிழ்நாட்டுக்கும் வந்தது. உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும்பி நிற்கிற மாட்டைப் பார்த்ததும் ஊர் அதை அம்மை என்றது. சொன்ன கணமே அது நோய் இல்லை, ஆத்தா வருகை. தொழுவத்தில் வேப்பிலை ஏறியது, மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், ஊசி கூடாது என்றார்கள். ஆத்தா இறங்கியிருக்கும் உடம்பில் இரும்பைக் குத்துவதா?

ஆனால் அதே சொல் வேறொன்றையும் செய்தது. அம்மை கண்ட தொழுவத்துக்கு யாரும் போகவில்லை. அந்த மாட்டை மேய்ச்சலுக்கு அவிழ்க்கவில்லை, பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்டவில்லை, சந்தைக்கு ஓட்டவில்லை. நோய் பரவாமல் தடுக்கச் சுற்றறிக்கை போட்டும் நடக்காத ஒன்றை ஆத்தா கேட்காமலே நடத்திக் கொடுத்தாள். மாலையில் போட்ட வேப்பிலைப் புகை, நோயைக் கொண்டுபோகும் ஈயையும் கொசுவையும் கொஞ்சம் விரட்டியது. டாக்டரம்மா அந்தச் சொல்லோடு சண்டைக்குப் போகவில்லை. இந்தியாவில் அப்போது போடப்பட்டது ஆட்டம்மைத் தடுப்பூசி. அது நோய் காணாத மாட்டுக்குத்தான். ஆகவே அவர் உண்மையையே சொல்லிவிட முடிந்தது: "ஆத்தா வந்த மாட்ட நான் தொடலீங்க. வராத மாட்டுக்கு மட்டும் போட்டுட்டுப் போறனுங்க." நோய் கண்டதற்கு வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்து உருண்டையாக நாக்கில் தடவச் சொன்னார், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மூலிகை மருத்துவத்தில் பரிந்துரைக்கப்பட்ட முறை அது. புண்ணில் புழு வைத்த மாடுகளுக்கு மட்டும் ஊசி வேண்டியிருந்தது. அந்த வீடுகளில் அவர் ஜெயிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இளைய மருத்துவர்கள் சிலர் இதை மூடநம்பிக்கைக்கு வளைந்துகொடுத்தல் என்கிறார்கள். டாக்டரம்மா மறுப்பதில்லை, எத்தனை மாட்டுக்குத் தடுப்பூசி போட்டாய் என்று மட்டும் கேட்கிறார்.

ஊர் வைத்த நோய்ப் பெயர்களில் பல பாடப்புத்தகப் பெயர்களைவிடக் காரியக்காரப் பெயர்கள். சப்பை நோய் என்றால் தொடைச் சப்பை வீங்கும். தொண்டை அடைப்பானில் தொண்டை. துள்ளுமாரியில் ஆடு ஒரு துள்ளுத் துள்ளி விழுந்து சாகும், மழைக்குப் பின் இளம்புல்லை வயிறு முட்டத் தின்ற நல்ல கொழுத்த ஆடாகப் பார்த்து. இந்தப் பக்கம் 'வெள்ளைக் கழிச்சல்' என்றால் எந்தக் கோழிக்காரருக்கும் புரிகிறது. அதே நோய்க்கு உலகம் வைத்த பெயர் நியூகாசில், இந்தியாவில் ராணிக்கெட். இரண்டும் நோய் அடையாளம் காணப்பட்ட ஊர்களின் பெயர்கள். கோழிக்கு என்ன ஆகிறது என்பதை அவை சொல்வதில்லை.

ஒரு நோயை உலகத்திலிருந்து ஒழிக்கவே இப்படிப்பட்ட பெயர்கள் உதவியிருக்கின்றன. வெக்கை என்று நம் பெரியவர்கள் சொன்ன மாட்டு நோய், கண்ணில் நீர், வாயில் புண், நாறும் கழிச்சல் என்று வந்து தொழுவத்தைக் காலி செய்துவிட்டுப் போகும். இந்தியாவில் கடைசியாக 1995இல் தென்பட்டது. அதன்பிறகு அது எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று ஊழியர்கள் ஊர் ஊராகப் போய் விசாரித்தார்கள். டாக்டரம்மாவும் போனவர்தான். அரசாங்கப் படிவத்தில் இருந்த பெயரைச் சொன்னால் பெரியவர்கள் முழிப்பார்கள். வெக்கை என்றால் எந்த வருடம் வந்தது, யார் தொழுவத்தில் எத்தனை செத்தது என்று கதையாகவே சொல்வார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் மேய்ச்சல் நிலங்களில் இதையே ஒரு முறையாக வளர்த்தார்கள். ஜெஃப்ரி மரினர் போன்ற மருத்துவர்கள் மேய்ச்சல்காரர்களின் நோய்ப் பெயர்களையும் நினைவுகளையும் வைத்து, ஆய்வுக்கூடம் எட்டாத இடங்களில் நோயின் கடைசித் தடங்களைத் தேடினார்கள். 2011இல் வெக்கை உலகத்தில் இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அது. சொல் மட்டும் போகவில்லை. இப்போதும் கடுமையான கழிச்சல் எதுவானாலும் வெக்கை என்று போன் வரும்.

மாட்டைப் பற்றிய சொல் மாட்டோடு நின்றுவிடுவதுமில்லை. காங்கேயம் பக்கம் கொரங்காடு என்று ஒன்று உண்டு. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மழை குறைந்த பூமியில் மாட்டையும் ஆட்டையும் மாற்றி மாற்றி அடைத்து மேய்க்கத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து வைத்த மேய்ச்சல் நிலம். உழவில்லை, நெல்லில்லை என்பதால் வெளியாள் கண்ணுக்கு அது தரிசு. செயற்கைக்கோள் படத்தை வைத்துத் தயாரிக்கும் தேசியப் பாழ்நில வரைபடத்தில் புதர் மண்டிய நிலத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பாழ், தரிசு என்று ஒருமுறை எழுதிவிட்டால் அங்கே எதை வைத்தாலும் முன்னேற்றம்தான். காங்கேயம் காளை அருகுகிறதே என்று மேடையில் வருத்தப்படுகிறவர்கள் அது எதைத் தின்று வளர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

சத்தியமங்கலத்துக்கு மாற்றலாகிப் போனபோது, தன் மருந்துப் பையிலிருந்த ஒரு புட்டிக்கும் ஒரு பறவையின் பெயருக்கும் உள்ள தொடர்பு அவருக்குத் தெரியவந்தது. தொண்ணூறுகளில் மாட்டுக்கு வலியும் வீக்கமும் என்றால் நாடெங்கும் டைக்ளோஃபெனாக் போட்டார்கள். மலிவு, உடனே கேட்கும். அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் இதைக் கண்டுபிடித்து 2004இல் வெளியிட்டார்கள். இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகு இனம் ஆயிரத்துக்கு ஒன்றே மிஞ்சும் அளவுக்குச் சரிந்தது. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்து நிறுத்தப்பட்டது. மாற்றாக மெலாக்ஸிகம் வந்தது.

மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருந்த பறவைகளுக்காக ஊர்க்காரர்களிடம் பேச வேண்டியிருந்தது. பிணந்தின்னிக் கழுகைக் காப்போம் என்று சொன்னால் யார் வருவார்? பாதுகாப்பில் இறங்கியவர்கள் பாறு என்ற பழந்தமிழ்ப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு. நோட்டீஸிலும் பள்ளிக்கூடங்களிலும் அந்தப் பெயர்கள் வந்தன. டாக்டரம்மாவின் கருத்து இதில் கொஞ்சம் மாறுபட்டது. பெயர் மாற்றியது நல்லதுதான், ஆனால் மாட்டுக்காரர்கள் அந்தப் பறவையை ஒருபோதும் வெறுத்ததில்லை என்கிறார். செத்த மாட்டை இழுத்துப் போட்டால் சீக்கிரமே எலும்பாக்கித் தருகிற வேலையாள் என்றுதான் நினைத்தார்கள். மாற்ற வேண்டியிருந்தது மருந்துக்கடையில் கேட்கும் சொல்லை. 'வலி ஊசி குடுங்க' என்று கேட்டால் கடைக்காரர் மனிதருக்கான டைக்ளோஃபெனாக் புட்டியை எடுத்துக் கொடுத்துவிடுவார். அதனால் மெலாக்ஸிகம் என்ற வாயில் நுழையாத பெயரைச் சீட்டில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி, இது இல்லாவிட்டால் எதுவும் வாங்காமல் திரும்பி வாருங்கள் என்று சொல்லி அனுப்புவதை வழக்கமாக வைத்திருந்தார்.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கு வருகிற போன்களில் இப்போது புதுச் சொல் ஒன்று கேட்கிறது: கிடாரி ஊசி. பாலினம் பிரித்த உறைவிந்து. பத்துக்கு ஒன்பது பெண் கன்றாகப் பிறக்கும். பெயரில்லாத காளைக்கன்றுகளின் பிரச்சினைக்கு ஆய்வுக்கூடம் கண்டுபிடித்த வழி, அவை பிறக்காமலே இருப்பது. இதைப் பற்றி அவருக்கு இன்னும் ஒரு முடிவான கருத்து இல்லை. கன்று பட்டினியில் சாவதைவிடப் பிறக்காமலிருப்பது மேல் என்று ஒரு நாள் சொல்கிறார், மறுநாள் வேறு மாதிரி சொல்கிறார். ஆனால் ஊசி என்ற சொல் மறுபடியும் வந்துவிட்டதில் எரிச்சல். மூலனூரிலிருந்து பழைய பழக்கத்தில் கூப்பிட்ட ஒரு விவசாயியிடம் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார்: இதுவும் நேரம் பார்த்துத்தான் போட வேண்டும், முதல் ஊசியிலேயே நிற்கும் என்று உறுதி இல்லை, பத்தில் ஒன்று காளைக்கன்றாகவும் பிறக்கலாம்.

அந்தப் பக்கம் சற்று யோசித்துவிட்டுக் கேட்ட குரல்: "அந்த ஒண்ணு எங்க வூட்டுக்குத்தானுங்களே டாக்டரம்மா வரும்?"